ஃபார்மட் பண்ணியும் நிற்காத ரீஸ்டார்ட்: போர்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் நான்கு வருடப் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்: ரைசன் 5 5600ஜி, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ஒரு 600 விஏ யுபிஎஸ். சில மாதங்களாகத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சில நேரம் நீலத்திரை வருகிறது, சில நேரம் எதுவும் வராமல் பட்டென்று இருட்டாகிறது. கடையில் இரண்டு தடவை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி பழைய கதை. இப்போது "போர்டு போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். போர்டில் பழுது இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவரை யாரும் எதையும் சோதித்ததாகத் தெரியவில்லை, ஃபார்மட் மட்டும்தான் நடந்திருக்கிறது. மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிச்சம் நிற்பதுதான் போர்டு. முதலில் மாற்ற வேண்டியது அதுவல்ல. அதை மாற்றினால் பல சமயம் ப்ராசஸர், ரேம் என்று செலவு சங்கிலியாக நீளும்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வேகம் போதவில்லை என்று நடுவில் இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்தேன், பழையது 3200, புதியது 2666, வேறு கம்பெனி." அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொடங்குவேன். அதோடு, நீலத்திரையும் பட்டென்ற இருட்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தொடரும், "சரியாகவே இல்லை" என்று நினைத்துச் செய்த நல்ல வேலையையும் பிரித்துப் போடுவோம். பலர் மாதக்கணக்கில் சுற்றுவது இதனால்தான்.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் கிராஷ் ஆவதில் மூன்று வகை உண்டு. பிளக்கைப் பிடுங்கியது போல அணைவது ஒன்று. நீலத்திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆவது இரண்டு. படம் அப்படியே உறைந்து, மவுஸ் நகராமல், ஸ்பீக்கரில் ஒரே சத்தம் ரீங்காரமாக ஓடுவது மூன்று. முதல் வகை பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு. இரண்டாவது ரேம், டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்), டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு என்று எதுவாகவும் இருக்கலாம், ஆனால் அது தடயம் விட்டுச் செல்லும். மூன்றாவதுதான் தலைவலி.

தடயம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு கோட்டுப்படம், கிராஷ் ஆன நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் வசதி. சர்வீஸ் கடைகளில்கூட இதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. கிராஷ் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை இதில் பார்த்து, அந்தத் தேதிக்குச் சற்று முன் என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். ஃபார்மட் செய்ததால் பழைய பதிவுகள் போயிருக்கும், ஆனால் கடைசி ஃபார்மட்டுக்குப் பிறகு நடந்தவை போதும்.

அடுத்து ஈவென்ட் வியூவர். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. கிராஷ் ஆன நேரத்தை ஒட்டி 'கெர்னல் பவர் 41' என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "41 எரர் வருகிறது, என்ன செய்வது" என்று கேட்பவர்கள் ஏராளம். 41 என்பது காரணமே அல்ல. "போன தடவை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை" என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். சரக்கு அதன் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் இருக்கிறது. அங்கே 'பக்செக் கோட்' என்ற வரியைப் பாருங்கள். அது 0 என்றால் விண்டோஸுக்கு ஒன்றுமே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது எதையும் எழுத முடியாத அளவுக்கு உறைந்திருக்கிறது. 0 இல்லாத எண் இருந்தால் அது நீலத்திரையின் எண். அதே பக்கத்தில் 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வரி உண்டு. அதில் 0 தவிர வேறு இருந்தால் பவர் பட்டன் அழுத்தப்பட்டுத்தான் அணைந்திருக்கிறது. நீங்கள் அழுத்தாத நேரத்திலும் அப்படிக் காட்டினால், கேபினெட்டின் முன்பக்க பட்டன் உள்ளே சிக்கிக்கொள்கிறது என்று பொருள். பழைய கேபினெட்டுகளில் இது நடக்கும். போர்டிலிருந்து அந்தச் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீலத்திரை எண்களில் அடிக்கடி வருபவை சில. ஈவென்ட் வியூவரில் இவை சாதாரணப் பத்தடிமான எண்களாகத்தான் இருக்கும். 26 என்றால் 'மெமரி மேனேஜ்மென்ட்'. 10 என்றால் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. 80 என்றால் 'பேஜ் ஃபால்ட்'. 122 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. 278 கிராஃபிக்ஸ் டிரைவர். 292 என்றால் 'வீயா', அதாவது ஏதோ ஒரு ஹார்டுவேர் பிழை என்று ப்ராசஸரே கையைத் தூக்கியிருக்கிறது.

ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நான்கைந்து கிராஷ்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண், வேறு வேறு ஃபைல் பெயர் என்று வந்தால் ரேம் மேல் சந்தேகம் கூடும். எப்போதும் ஒரே எண், ஒரே டிரைவர் ஃபைல் என்று வந்தால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். நீலத்திரையை நிதானமாகப் படிக்க, 'சிஸ்டம் ப்ராப்பர்டீஸ்' போய் 'அட்வான்ஸ்டு', அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி', அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் 2025-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு அந்தத் திரை நீலமாக இல்லாமல் கருப்பாக வரும். கருப்பாக இருந்தாலும் எழுத்து இருந்தால் அது இரண்டாவது வகைதான், மின்சாரம் போனதாக நினைத்துவிட வேண்டாம்.

ஃபார்மட் ஏன் சில நாள் மட்டும் தாங்குகிறது

பிரவுசர், வேர்டு, கேம் போன்ற சாதாரண மென்பொருள்கள் தாமாக விண்டோஸையே சாய்க்க முடியாது. அவற்றுக்கு அந்த அதிகாரம் இல்லை. அவை செத்தால் தனியாகச் சாகும். விண்டோஸையே சாய்க்க வேண்டுமானால் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் ஒன்று தவறு செய்ய வேண்டும், அதாவது டிரைவர், ஆன்டிவைரஸ் போன்றவை, இல்லையென்றால் ஹார்டுவேர். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒரே நேரத்தில் நீலத்திரை வந்ததே, அது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் பகுதி ஒரு தவறான அப்டேட் ஃபைலைப் படித்ததால். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அலுவலகங்களுக்கான மென்பொருள் என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தப்பின. கடைகளில் வழக்கமாகச் சொல்லும் "வைரஸ் ஏறிடுச்சு" என்ற காரணம் இந்தக் காலத்தில் தினசரி ரீஸ்டார்ட்டுக்கு அபூர்வமாகத்தான் பொருந்தும். வைரஸ் எழுதுகிறவனுக்கு உங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருப்பதுதான் லாபம்.

ஃபார்மட் செய்தால் புது விண்டோஸ், புது டிரைவர். மென்பொருள்தான் கோளாறு என்றால் அதோடு நின்றிருக்க வேண்டும். சில நாளில் திரும்பி வருகிறது என்றால் ஹார்டுவேர் பக்கம் திரும்புவதுதான் நியாயம். ரேமில் ஓரிரண்டு பிட் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட் இறங்கும்போதும், ஃபைல்கள் விரியும்போதும் எல்லாமே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன. வழியில் ஒரு எழுத்து மாறினால் மாறியதே டிஸ்க்கில் பதியும். புதிதாகப் போட்ட விண்டோஸ் மெல்ல மெல்ல உள்ளிருந்து கெட்டுக்கொண்டே போகும். சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டினால் "பிழை இருந்தது, சரி செய்தேன்" என்று வரும். அடுத்த வாரம் ஓட்டினால் மறுபடி அதே பதில். அப்படி வந்தால் மூன்றாவது தடவை ஃபார்மட் செய்யப் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை: புது ரேமைக் கழற்றுங்கள்

மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். புதிதாகச் சேர்த்த 2666 ரேமைக் கழற்றுங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பழையதை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். வழக்கமாக அதுதான் சரியான இடம். போர்டின் மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நன்றாக அழுத்தி, கிளிப் "டிக்" என்று மூடுவதைக் கேட்க வேண்டும். பாதி ஏறிய ரேம்தான் பல "போர்டு போச்சு"களுக்குக் காரணம்.

தொடுமுனைகளை அழிப்பான் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் ஊரில் எல்லாக் கடையிலும் உண்டு. மேலே படிந்த அழுக்குப் படலம் போவதால் அது சில நேரம் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் மென்மையான வெள்ளை ரப்பராக இருக்கட்டும். பேனா மை அழிக்கும் சொரசொர ரப்பர் தங்க முலாமையே உரித்துவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரே வேண்டாம்.

பிறகு பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை அணையுங்கள். உங்கள் விஷயத்தில் இது முக்கியம். 3200 என்று பெட்டியில் போட்டிருக்கும் பல ரேம்கள் தாமாக ஓடுவது 2133, 2400, 2666 போன்ற வேகத்தில்தான்; 3200-க்குத் தள்ளுவது எக்ஸ்எம்பி ப்ரொஃபைல், அதாவது ரேமில் பதிந்திருக்கும் வேக அமைப்பு. ஒரு ரேமின் ப்ரொஃபைலை போர்டு இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால், 2666-க்குச் செய்த புது ரேம் தாங்காத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசர் ஓடும், வீடியோ ஓடும், எப்போதாவது ஒரு பிட் தவறும், அன்றைக்கு நீலத்திரை. அப்படியென்றால் ரேமும் நல்லது, போர்டும் நல்லது, சேர்க்கைதான் தவறு. பின்னால் இரண்டையும் 2666-இல் வைத்தே ஓட்டிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு அந்த வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதால் கேமிலும் கொஞ்சம்தான்.

இந்த நிலையிலேயே, வேறெதையும் தொடுவதற்கு முன், படங்களையும் சான்றிதழ்களையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். சந்தேக ரேம் உள்ளே இருக்கும்போது எடுத்த நகல் கெட்டிருக்கலாம் என்பதால்தான் இப்போது எடுக்கச் சொல்கிறேன்.

ரேமை முறையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், இரவு முழுக்க விட்டுவிடலாம். இந்தச் சோதனைக்காக மட்டும் புது ரேமை மறுபடி மாட்டி, எக்ஸ்எம்பியையும் பழையபடி வைத்து, முதலில் இரண்டு ரேமும் இருந்த அமைப்பிலேயே ஓட்டுங்கள். பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் தனித்தனியாக. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஒண்ணுதானே" என்று விட முடியாது. ஆனால் பிழையே வராததாலேயே ரேம் நல்லது என்று நூறு சதவீதம் சொல்லவும் முடியாது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் எளிது, ஆனால் பல பிழைகளைத் தவறவிடும்; அது "நோ எரர்ஸ்" என்றால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பென் டிரைவிலிருந்து கிளம்ப மறுத்து, பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டி வந்தால், அதற்கு முன் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அடுத்த தடவை விண்டோஸ் ரிகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் மறுபடி பழைய ரேமை மட்டும் வைத்து, எக்ஸ்எம்பியை அணைத்து ஓட்டுங்கள். இனி காத்திருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிராஷ் ஆகும் கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க நன்றாக ஓடினால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. வழக்கமான இடைவெளியைப் போல நாலைந்து மடங்கு காலம் ஓடட்டும். அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள். ஆர்வத்தில் டிரைவர், பயாஸ், ரேம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

பட்டென்று இருட்டாவது வேறு கணக்கு

நீலத்திரை நின்று, 'பக்செக் கோட்' 0 என்ற கிராஷ் மட்டும் தொடர்ந்தால் யுபிஎஸ் பக்கம் வாருங்கள். "கரண்டே போகலை, ஆனாலும் ஆஃப் ஆகுது" என்று எழுதியிருக்கிறீர்கள். யுபிஎஸ் இருக்கும் வீட்டில்தான் இப்படி நடக்க நல்ல வாய்ப்பு, கேட்க வேடிக்கையாக இருந்தாலும்.

நீங்கள் வைத்திருக்கும் வகை யுபிஎஸ் சாதாரண நேரத்தில் சுவர் மின்சாரத்தையே கம்ப்யூட்டருக்குத் தருகிறது. மின்னழுத்தம் அதன் வரம்புக்குக் கீழே இறங்கினால் ரிலே "டக்" என்று விழுந்து பேட்டரிக்கு மாறும். வீட்டில் மோட்டார் போடும்போது, ஏசி கம்ப்ரசர் எழும்போது விளக்கு ஒரு கணம் மங்குமே, அந்தக் கணம் போதும். பேட்டரி நல்லதாக இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. பேட்டரி செத்திருந்தால், மாறிய அடுத்த நொடியே அதால் பாரம் தாங்க முடியாது, எல்லாம் அணைந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகியிருந்தால் அந்த மங்கலை எஸ்எம்பிஎஸ்ஸே சமாளித்திருக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவு. உங்களுடையது நான்கு வருடம், பேட்டரி மாற்றியதாகச் சொல்லவில்லை.

சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரை எதுவும் சேமிக்க வேண்டாத நிலையில் வைத்துக்கொண்டு, யுபிஎஸ்ஸின் சுவர் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தால் பேட்டரி முடிந்தது. அணையாவிட்டால் ஒரு கேமை ஓடவிட்டு மறுபடி அணையுங்கள், ஏனென்றால் பாதி செத்த பேட்டரி டெஸ்க்டாப் திரையைத் தாங்கும், கிராஃபிக்ஸ் கார்டு முழுச் சக்தியில் ஓடும்போது தாங்காது. 600 விஏ என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட் அளவுதான். உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது அதற்குள் அடங்கும், ஆனால் பெரிதாக மிச்சம் இருக்காது. அதே யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டர் எதையாவது செருகியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதன் ஹீட்டர் சூடேறும்போது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தை இந்த யுபிஎஸ் தாங்காது.

யுபிஎஸ்ஸை முழுக்க விலக்கி, நேராகச் சுவரில் செருகிச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. நின்றுவிட்டால் ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு பேட்டரி, பிரச்சினை முடிந்தது. வீட்டு இன்வர்ட்டர் லைனில் ஓட்டுகிறவர்கள் இன்வர்ட்டரில் இருக்கும் சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பக்கம் இருந்தால் மாறும் நேரம் அதிகம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது.

நேராகச் சுவரில் செருகியும் அணைகிறது, அதுவும் கேம் ஓடும்போது என்றால் எஸ்எம்பிஎஸ். உங்கள் ப்ராசஸர் 65 வாட், கார்டு 125 வாட் வகை. 450 வாட் என்பது எண்ணளவில் போதும். ஆனால் கேபினெட்டோடு இலவசம் போல வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் 450-ஐ நான் நம்ப மாட்டேன். இந்த கார்டுக்குத் தேவையான சக்தி 12 வோல்ட் லைனில் வர வேண்டும்; ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று சொல்லிக்கொள்ளும் சிலவற்றில் அது முந்நூறைக்கூடத் தொடாது. நான்கு வருடத்தில் உள்ளே கெப்பாசிட்டர்களும் உலர்ந்திருக்கும்.

கடையில் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றுவதைக் காட்டி "எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அது எஸ்எம்பிஎஸ் எழுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும், ஆனால் பாரம் ஏறும் கணத்தில் ஏற்படும் வீழ்ச்சியை சாதாரண மீட்டர் காட்டாது. நண்பர் வீட்டிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்றும் சொன்னீர்கள். அது எர்த் இல்லாத பிளக் பாயின்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாகக் கசியவிட வேண்டிய மிகச் சிறு மின்னோட்டம் போக வழியில்லாமல் கேபினெட் உடம்பில் நிற்கிறது. ரீஸ்டார்ட்டுக்கு இது நேரடிக் காரணமாக இருப்பது அரிது, யுஎஸ்பி போர்ட்டுகளைச் சாகடிக்க இது போதும். அதோடு, உண்மையிலேயே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

சூடு

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ப்ராசஸர் சூட்டைப் பாருங்கள். 5600ஜி-க்கு வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எடுத்த எடுப்பில் அணையாது. ஆகவே அணைவதற்கு முன் கேம் திக்கித் திக்கி ஓடவில்லை என்றால் ப்ராசஸர் சூடு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 80-களுக்குள் நின்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிடலாம்.

தூசு தட்டும்போது பிளோயரை அடிப்பதற்கு முன் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போகும். ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டி வந்தால் கம்ப்யூட்டரை கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, இளஞ்சூட்டில் இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள். உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால்

கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை போர்டில் செருகி ஓட்டுங்கள். 5600ஜி-யில் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் உங்களுக்கு இந்த வசதி உண்டு, பலருக்கு இல்லை. 278 என்ற எண்ணும், திரை கருப்பாகிச் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்பதும் அதோடு நின்றால் கார்டு அல்லது அதன் டிரைவர். டிரைவரை டிடியு என்ற கருவியால் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: கார்டைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாரமும் குறைகிறது. அதனால் "கார்டை எடுத்தேன், சரியாயிடுச்சு" என்பது கார்டுதான் குற்றவாளி என்று நிரூபிக்காது. எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடிக்கடி சில நொடி உறைந்து, பிறகு தானாக ஓடத் தொடங்குகிறது என்றால் டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'கரன்ட் பென்டிங் செக்டர்', 'ரீஅலொகேட்டட் செக்டர்' என்ற வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

கேமில் நன்றாக ஓடி, சும்மா விட்டால் மட்டும் உறைகிறது என்ற விசித்திரம் ரைசன்களில், குறிப்பாக முதல் தலைமுறையில், உண்டு. ப்ராசஸர் தூங்கும்போது மின்சாரத் தேவை மிகவும் குறைந்து, பழைய எஸ்எம்பிஎஸ் தடுமாறுவதுதான் காரணம். பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினால் போய்விடும். உங்களுக்கு இது இல்லை, நீங்கள் சொன்ன அறிகுறி இப்படி உறைவது அல்ல. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அந்தச் சில்லுகளில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் பயாஸ் வழித் திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் அப்டேட் செய்தும் நிற்கவில்லை என்றால் வேறு எதையும் நோண்டாமல் ப்ராசஸர் வாரண்டியைக் கேளுங்கள்.

உங்கள் போர்டுக்கும் பயாஸ் அப்டேட் வந்திருக்கும், ரேம் பொருத்தத்தை அது மேம்படுத்தவும் கூடும். ஆனால் கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் செய்வதைப் போல அபாயம் வேறில்லை. பாதியில் நின்றால் போர்டு எழுந்திருக்காது. ஒற்றை ரேமில் சில நாள் நிலையாக ஓடிய பிறகு, விண்டோஸுக்குள்ளிருந்து இல்லாமல் பயாஸ் திரையிலிருந்தே, நல்ல பேட்டரி உள்ள யுபிஎஸ்ஸில் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் கிராஷ் தொடர்ந்தால் போர்டைச் சந்தேகப்படலாம். நல்ல ரேம் எதைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் மெம்டெஸ்ட்டில் பிழை வருவது, ப்ராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருப்பது, வேறு எஸ்எம்பிஎஸ் போட்டும் ஒற்றை ரேமில் 292 வந்துகொண்டே இருப்பது, இவை வலுவான அறிகுறிகள். கடைசியதில் ப்ராசஸரும் குற்றவாளியாக இருக்கலாம் என்பதால், வேறு ப்ராசஸர் போட்டுச் சோதிக்கக் கடையில் கேளுங்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதி, எந்த எண், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்தெந்தப் பாகத்தை மாற்றிச் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதை வைத்துப் போர்டு என்று சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொரு போர்டில் உங்கள் ரேமையும் ப்ராசஸரையும் மாட்டி ஓட்டிக் காட்டினால் சரி, மாற்றுங்கள். காட்ட முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.

ரேமின் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். பல ரேம் நிறுவனங்கள் பல வருட வாரண்டி தருகின்றன; மெம்டெஸ்ட்டில் சிவப்பு வரி வந்த திரையை ஒரு படம் எடுத்துக் காட்டினால் மாற்றித் தருவதில் பெரும்பாலும் தகராறு இருக்காது.